பலகையில் இல்லாதவள்

எங்கள் சபையில் வெர்டெல் மிம்ஸுக்கு முன்னால் பெரிய தொப்பி போட்டுக்கொண்டு யாரும் உட்கார மாட்டார்கள். ஓர் ஈஸ்டருக்கு சிஸ்டர் ஓரா ஊதாத் தொப்பி போட்டு வந்தாள், மேலே நீளமாக இறகு. வெர்டெல் பாட்டு முடிகிறவரை பொறுத்திருந்தாள். அப்புறம் குனிந்து அவள் காதில், "தொப்பி பிரமாதம் சிஸ்டர். கோழி இன்னும் உசுரோட இருக்கா?" என்றாள். ஓரா அதற்குப் பிறகு ஜன்னலோரம் போய்விட்டாள்.

பொறாமை எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. மற்றவர்கள் உள்ளுக்குள் புழுங்குவோம். வெர்டெல் வாசலில் நின்று, "எனக்கு வயிறு எரியுதுடி லூ" என்று ஊர் கேட்கச் சொல்லுவாள். ஆகஸ்ட் மாதம் வெளியூர் போனவர்கள் எல்லாரும் திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமையில், சபைக்குப் பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனி செய்யும் உரிமை அவளுடையது. வேறு யாராவது தெரியாத்தனமாக ஒரு தட்டு மக்ரோனி கொண்டு வந்தால், அதை அலுமினியத்தாளால் மூடி அவரைக்காய்ச் சட்டிக்குப் பின்னால் தள்ளிவிடுவாள். கடைசியில் அதைக் கொண்டு வந்தவளே வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு வருஷத்திலேயே மோசமான நாள். டெட்ராய்ட்டுக்கும் சிகாகோவுக்கும் போனவர்கள் பெரிய கார்களில் வந்து இறங்குவார்கள். "வெர்டெல், நீ இன்னும் இங்கதான் இருக்கியா?" என்று கட்டிப்பிடிப்பார்கள். அவளுக்கும் ஒரு காலத்தில் லூயிவில்லில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பெட்டி கட்டிய வாரத்தில் அவள் அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பெட்டியைப் பிரித்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். நதியில் இழுவைப்படகு ஓட்டிய லெமுவல் மிம்ஸைக் கட்டிக்கொண்டாள். அம்மாவையும் அடக்கம் செய்தாள், அவனையும் அடக்கம் செய்தாள். ஊரைவிட்டு மட்டும் போகவில்லை. போனவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

ஆனால் அவளுடைய பெரிய பொறாமை உயிரோடு இருக்கும் யார் மேலும் இல்லை. அது மஹாலா மேல். மஹாலா செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கதை இதுதான். இப்போது வெர்டெல் வீடு இருக்கும் மேட்டில் அப்போது ஃபிளெட்சர் பண்ணை. மஹாலாவும் டெம்பியும் அங்கே அடிமைகள், கூடப்பிறந்தவர்கள். மஹாலாவுக்குக் கைக்குழந்தை ஒன்று. முதல் கடுங்குளிர் விழுந்ததும் பன்றி அறுக்கிற நாள் வரும். அன்றைக்கு எஜமானன் குடித்திருப்பான், அடிமைகளுக்கு முழங்கைவரை வேலை இருக்கும், யார் எங்கே என்று யாரும் பார்க்க மாட்டார்கள். மஹாலா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, "உப்பு எடுத்துட்டு வரேன்" என்று டெம்பியிடம் சொல்லிவிட்டுப் போனாள். பன்றியை வெந்நீரில் முக்கி மயிர் களைவார்களே, அந்த மரத்தொட்டியை ஆற்றில் தள்ளி, அதில் ஏறி, அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். அக்கரை ஒஹாயோ. அங்கே அடிமைத்தனம் இல்லை.

டெம்பி குடல் கழுவிக்கொண்டு உப்புக்காகக் காத்திருந்தாள். எங்கே போனாள் உன் அக்கா என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். உண்மையிலேயே தெரியாது. யாரும் நம்பவில்லை. அன்றைக்கு வாங்கிய அடியில் டெம்பியின் வலது கை அப்புறம் தோளுக்கு மேலே எழும்பவே இல்லை.

டெம்பி இங்கேயே விடுதலையையும் பார்த்து, பிள்ளை பெற்று, எங்கள் சபைக்குப் பின்னால் அடக்கமானாள். வெர்டெலின் பாட்டிக்குப் பாட்டி அவள். அந்தக் குடும்பத்தில் மஹாலாவைப் பேர் சொல்லிக்கூடப் பேசுவதில்லை. 'உப்பு எடுக்கப் போனவள்', அவ்வளவுதான். லெமுவல் படகிலிருந்து வர ஒருநாள் பிந்தினால்கூட, "என்ன, உப்புக்குப் போயிட்டியா?" என்றுதான் வெர்டெல் கதவைத் திறப்பாள்.

இப்படிப்பட்டவள் வீட்டு வாசலில்தான் மஹாலாவின் நினைவுப் பலகையைக் கொண்டுவந்து நட்டார்கள்.

நட்டவள் கொரிந்தியா ஹேல். மஹாலா முதுகில் கட்டிக்கொண்டு போனாளே குழந்தை, அதன் வம்சம். அக்கரைப் பக்கம் டேட்டன் நகரத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவள். வெள்ளை முடியை ஒட்ட வெட்டி, முத்துத்தோடு போட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பேசுவாள். பழைய ஆற்றுத்துறைக்கு இறங்கும் பாதை வெர்டெலின் புல்வெளி ஓரமாகப் போகிறது என்பதால், சாலையோரத்தில் அங்கேதான் கம்பம் நிற்க வேண்டும் என்று முடிவானது. திறப்பு விழாவுக்குத் துணியை இழுத்தபோது பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன், பொய் சொல்வானேன். அடிமைத்தளையை உடைத்து, கைக்குழந்தையோடு, பன்றித் தொட்டியில் ஏறி இந்த இடத்தில் ஆற்றைக் கடந்த மஹாலா என்று இரும்பில் எழுத்து எழுத்தாக வார்த்திருந்தது.

வெர்டெல் மேலிருந்து கீழ்வரை படித்தாள். பின்பக்கம் போய் அங்கேயும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

"டெம்பி எங்க?" என்றாள், அத்தனை பேர் நடுவில்.

கொரிந்தியா பொறுமையாகச் சொன்னாள். "மிஸ் வெர்டெல், பலகையில என்ன போட்டாலும் ஆதாரம் கேக்கறாங்க. மஹாலாவுக்கு அந்தக் காலத்துப் பேப்பர் விளம்பரம் இருக்கு. ஓடிப்போயிட்டா, பிடிச்சுக் கொடுத்தா பரிசுன்னு எஜமானன் போட்டது. டெம்பிக்கு அப்படி ஒண்ணும் கிடைக்கல."

"கிடைக்காது ஜட்ஜம்மா. ஓடினவளுக்குப் பேப்பர்ல போடுவான். அங்கயே நின்னு அடி வாங்கினவளுக்கு எவன் பேப்பர்ல போடுவான்?"

பாடகர் குழு சட்டென்று ஒரு பாட்டை எடுத்துவிட்டது.

அன்றிலிருந்து வெர்டெலுக்கு ஒரே ஒரு ஆசைதான். அந்த இரும்பில் டெம்பி பேர் ஏற வேண்டும். பாஸ்டரிடம் சொன்னாள். மாவட்ட அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள், பேர் ஏறவில்லை. இதற்கிடையில் ஜனங்கள் காரை நிறுத்தி, மஹாலாவோடு படம் எடுத்துக்கொண்டு, அப்படியே வெர்டெல் கதவைத் தட்டி, "பாத்ரூம் போகலாமா?" என்று கேட்டார்கள். ஒரு பெண்மணி உள்ளே போய்விட்டு வந்து, "நீங்க மஹாலா வம்சமா? எவ்வளவு பெருமையா இருக்கும்!" என்றாளாம்.

"இல்ல. நான் உப்புக்காகக் காத்திருந்தவ வம்சம்" என்று இவள் கதவைச் சாத்தியிருக்கிறாள்.

என்னிடம் வந்து குமுறுவாள். "அவளுக்குச் சுதந்திரமும் கிடைச்சுது. ஜட்ஜம்மா வம்சமும் கிடைச்சுது. இப்ப என் வாசல்ல இரும்புல பேரும் கிடைச்சுது. எங்க ஆளுக்கு ஒடிஞ்ச கை கிடைச்சுது. பொறாமையா இருக்குடி லூ, செத்தவமேல பொறாமையா இருக்கு."

"செத்தவ உன்ன என்னடி பண்ணினா?"

"என்ன பண்ணினாளா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

சரி, பொறாமை வாயோடு நின்றால் பரவாயில்லை. கம்பத்தைச் சுற்றிப் புல் வெட்டுவது அவள்தான், வேறு யாரும் வரமாட்டார்கள். வெட்டுவதை நிறுத்தினாள். வேலியில் செம்பூ பூக்கிற ஒரு முரட்டுக் கொடி உண்டு. அதை வருஷம் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தவள், அந்தக் கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு நுனியைக் கம்பத்தில் சுற்றிவிட்டதையும் நான் என் கண்ணால் பார்த்தேன். ஆகஸ்ட் வருவதற்குள் மஹாலா இருந்த இடமே தெரியவில்லை.

ஆகஸ்ட்டில் கொரிந்தியா தன் சொந்தபந்தங்களை எல்லாம் ஒரே நிறச் சட்டை போட்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பஸ் வெர்டெல் வீட்டைத் தாண்டிப் போனது. திரும்பி வந்து மறுபடியும் தாண்டிப் போனது. வெர்டெலும் நானும் வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது தடவை பஸ் நின்றது. கொரிந்தியா இறங்கி வந்து கொடியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"மிஸ் வெர்டெல், இது தானா வளர்ந்துதா?"

"கடவுள் வளர்க்கறாரு. நான் யாரு தடுக்க?"

"கடவுளுக்கு நீங்க தண்ணி ஊத்தினீங்களா?"

நான் பட்டாணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வெர்டெல் எழுந்து நின்றாள். "ஆமா, ஊத்தினேன். என்ன பண்ணுவீங்க, ஜெயில்ல போடுவீங்களா? உங்க ஆளு பேரு மட்டும் பளபளன்னு தெரியணும், எங்க ஆளு மண்ணுக்குள்ள கிடக்கணுமா? அவ பேரு ஏறினா நானே பல்லால கொடியக் கடிச்சு எடுக்கறேன்."

பஸ்ஸில் எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொரிந்தியா அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "வெயில்ல நின்னு சண்டை போடற விஷயம் இல்ல இது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க. உக்காந்து பேசலாம்" என்றாள். அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரியை எடுத்து, கொடியை அவளே வெட்ட ஆரம்பித்தாள். முத்துத்தோடும் அதுவுமாக ஒரு நீதிபதி கொடி வெட்டுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் போய்க் கூட நின்று பிடித்தேன். வெர்டெல் என்னை முறைத்தாள்.

போகமாட்டேன் என்று திங்கட்கிழமை சொன்னாள். சனிக்கிழமை இரண்டு தட்டு மக்ரோனி செய்தாள்.

"பேர் கேக்கப் போறியா, மக்ரோனிப் போட்டிக்குப் போறியா?" என்றேன்.

"ரெண்டும்தான். காரை எடு."

வழியெல்லாம் என்னை நீதிபதியாக்கி ஒத்திகை பார்த்தாள். பாலம் ஏறியபோது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு, கீழே ஆற்றைப் பார்த்தாள். "இவ்வளவு அகலத்துக்கு ஒரு பன்றித் தொட்டி" என்றாள். மெச்சுகிறாளா வைகிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

கொரிந்தியா வீடு செங்கல் வீடு, வாசலில் இரண்டு தூண். வெர்டெல் படியேறும்போதே, "ரெண்டு தூணு வேற" என்று முணுமுணுத்தாள். உள்ளே மகள், மருமகன், பேத்தி நயா. நயாவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், பல்லில் கம்பி. மேஜையில் கோழி வறுவல், பன்றிக்கால் போட்டு வேகவைத்த கீரை, சோளரொட்டி, அவர்கள் செய்த மக்ரோனி. வெர்டெல் அந்த மக்ரோனியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் தட்டை அதற்கு முன்னால் நகர்த்தி வைத்தாள்.

எங்கள் ஜனங்களில் மரியாதைக்குரியவர்கள் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்வதில்லை. யாராவது ஒருத்தி முதலில் அவர்களுக்குத் தட்டு போட்டு வைக்க வேண்டும். பாஸ்டருக்கு அப்படித்தான், விருந்தாளிக்கு அப்படித்தான். வெர்டெல் ஆயுசு முழுக்க மற்றவர்களுக்குத் தட்டு போட்டவள். அவளுக்கு யாரும் போட்டதில்லை, அவள்தான் எப்போதும் அடுப்பங்கரையில் இருப்பாளே.

ஜெபம் முடிந்ததும் நயா எல்லாருக்கும் முன்னால் ஒரு தட்டை எடுத்து, ஒவ்வொன்றாகப் பரிமாறி, அடுப்புக்குப் பக்கத்து நாற்காலிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். மற்றவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நம் விருந்தாளியம்மா என்ன நினைப்பாள்? நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்து தட்டைப் பார்த்தாள். கீரை, சோளரொட்டியின் கருகின ஓரம், கோழியில் கழுத்துத் துண்டு. கழுத்து! வீட்டில் தொடை இருக்கிறது, நெஞ்சு இருக்கிறது, விருந்தாளிக்குக் கழுத்து. வெர்டெல் உதட்டை மடித்துக்கொண்டதை நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். எழுந்து போய்விடுவாள் என்று கார்ச்சாவியைத் தொட்டுக்கொண்டேன். அவள் போகவில்லை. கழுத்தை எடுத்து, கொரிந்தியாவைப் பார்த்தபடியே, நறுக்கென்று கடித்தாள்.

மருமகன் கையில் கரண்டி அந்தரத்தில் இருந்தது.

"பாட்டி, அவங்க டெம்பி தட்டுல சாப்பிடறாங்க" என்றாள் நயா.

வெர்டெல் மெல்லுவதை நிறுத்தினாள். "எந்த டெம்பி?"

"டெம்பிதான். ஞாயித்துக்கிழமை முதல் தட்டு அவளுக்குத்தான்" என்றாள் அந்தப் பெண். இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி இருந்தது அவள் முகம். "கோழின்னா கழுத்துதான் வைக்கணும். கழுத்துன்னா அவளுக்கு உசுரு. ரொட்டி ஓரம் கருகியிருக்கணும். அடுப்புப் பக்கமாத்தான் வைக்கணும், அவளுக்குக் குளிரே ஆகாது. நான்தான் இப்ப வைக்கறேன். முன்னாடி அம்மா வெச்சாங்க."

வெர்டெல் கொரிந்தியாவைப் பார்த்தாள். "இது எப்பலேர்ந்து?"

"மஹாலாலேர்ந்து" என்றாள் கொரிந்தியா. "இக்கரைக்கு வந்து முதமுதல்ல சொந்தமா அடுப்பு மூட்டின அன்னிக்கே வெச்சாளாம். சாகறவரைக்கும் வெச்சிருக்கா. அப்புறம் மக வெச்சா. அப்படியே வந்துடுச்சு. அவ ஏன் சொல்லாம வந்தாள்னு எங்களுக்கும் தெரியாது மிஸ் வெர்டெல். அதப் பத்தி அவ வாயத் திறந்ததே இல்லையாம். தங்கச்சி என்ன சாப்பிடுவா, என்ன பிடிக்காதுன்னு மட்டும் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கா."

வெர்டெல் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழப்போனாள். "தெரியாம உக்காந்துட்டேன்."

"எழுந்திருக்காதீங்க" என்றாள் கொரிந்தியா. குரல் முதல்தடவையாகத் தடுமாறியது. "எத்தனையோ தலைமுறையா அந்த நாற்காலி காலியாவே இருக்கு. அந்த வீட்டு ஆளு ஒருத்தர் வந்து உக்காந்திருக்கீங்க. சாப்பிடுங்க."

வெர்டெல் சாப்பிட்டாள். கழுத்து எலும்பை ஒரு நார் இல்லாமல் உறிஞ்சி வைத்தாள். கடைசியாக இனிப்பு வந்தபோது கொரிந்தியாதான் கேட்டாள். "பலகை விஷயமா ஏதோ பேசணும்னீங்களே?"

நான் வெர்டெலைப் பார்த்தேன். அத்தனை ஒத்திகையும் தொண்டையில்தான் இருந்திருக்க வேண்டும்.

"உங்க மக்ரோனி காஞ்சுபோயிருக்கு" என்றாள் அவள். "பால் போதாது."

திரும்பும்போது காரில் நானே வாயைத் திறந்தேன். "ஏண்டி, பேர் கேட்கவே இல்லையே? அதுக்குத்தானே போனோம்? அந்தம்மா இருந்த மனசுக்கு நீ கேட்டிருந்தா நாளைக்கே எழுதிப் போட்டிருப்பா."

"என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது?" என்றாள். "டெம்பி பேரை நாங்க எதுக்குடி வெச்சிருந்தோம்? மஹாலாவ ஏசறதுக்கு. அவ கை ஒடிஞ்சது தெரியும், எந்தக் கைன்னு தெரியும். எங்கம்மா சொல்லிக் கொடுத்தா, அவ அம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்தா. அது மட்டும்தான் தெரியும்."

அவள் அழுதுகொண்டிருந்தாள். இவளோடு பழகி எனக்கு வயசாகிவிட்டது. துக்கத்தில் அழுதால் எப்படி இருப்பாள் என்று தெரியும், லெமுவல் போனபோது பார்த்திருக்கிறேன். இது அது இல்லை. இது வயிற்றெரிச்சல். அவள் வாழ்நாளில் பட்ட அத்தனை பொறாமையையும்விடப் பெரியது.

"அந்தப் பல்லுக் கம்பி போட்ட பொண்ணுக்கு எங்க டெம்பிக்கு என்ன பிடிக்கும்னு தெரிஞ்சிருக்கு லூ" என்றாள். "எனக்குத் தெரியலையேடி."